மாடியில் விழும் மழையைக் கடைக்காலில் இறங்கவிடாமல் விலக்குவது எப்படி?

எங்கள் வீடு கோவில்பட்டிப் பக்கம், கரிசல் மண்ணில் இருக்கிறது. 24-க்கு 40 அடி மொட்டை மாடி. அப்பா 1998-இல் கட்டியது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டமே மிதந்ததே, அந்த மழை வடிந்து இரண்டு வாரம் கழித்து, பின்னறை ஜன்னல் மூலையிலிருந்து தரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் இறங்கியது. பின்கதவு நிலையில் உரச ஆரம்பித்தது. ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசினோம். சித்திரை வெயிலில் அதே இடத்தில் அதே விரிசல் திரும்ப வந்தது, முன்பைவிட வாய் பிளந்து.

இரண்டாவது தடவை வந்தவர் வயதான மேஸ்திரி. விரிசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே கொல்லைப்பக்கம் போனார். "சொவத்த ஏன் தம்பி பாக்கீங்க? குழாயப் பாருங்க" என்றார். மாடியிலிருந்து இறங்கிய நாலு அங்குலக் குழாய், தரைக்கு ஒரு அடி மேலே, சுவரை ஒட்டியபடி ஒரு எல்போவோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே அண்டா அளவுக்கு ஒரு குழி. கையில் இருந்த கம்பியை அங்கே குத்தினார். களியில் குச்சி செருகியதுபோல் இரண்டரை அடி இறங்கியது. நாலு எட்டுத் தள்ளிக் குத்தினால் ஒரு சாண்கூட இறங்கவில்லை.

"சித்திரையில் மழை ஏது அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் மேலே கையைக் காட்டினார். மேல்நிலைத் தொட்டி நிரம்பி மாடியில் வழிகிற தண்ணீர், தினமும் காலையில் அதே குழாய் வழியாக அதே மூலைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்த மறக்கிற ஒவ்வொரு நாளும் எங்கள் கடைக்காலுக்கு ஒரு சின்ன மழை.

பிறகு எல்லாவற்றையும் பிரித்து நாங்களே சரிசெய்தோம். அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன். செம்மண், மணல் நிலத்தில் வீடு இருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். கரிசலிலும் களிமண்ணிலும் இருப்பவர்கள் எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

மண் என்ன செய்கிறது

கரிசல் ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் காட்டுக்குள் போனால் கால் நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு அடியிலும் அதே மண்தான். வீடு முழுக்க ஒரே மாதிரி உப்பி ஒரே மாதிரி சுருங்கினால் பெரிய தொந்தரவு இல்லை. ஒரு மூலை மட்டும் ஈரமாகவும் மற்ற மூன்றும் காய்ந்தும் இருக்கும்போதுதான் சுவர் கிழிகிறது. கரிசலில் அடி பெருத்த தூண்களை, அதாவது அண்டர் ரீம் பைல்களை, 3.5 மீட்டர் ஆழம்வரை இறக்கச் சொல்வது இதனால்தான். அந்த ஆழத்துக்குக் கீழே மழைக்கும் வெயிலுக்கும் மண்ணின் ஈரம் அவ்வளவாக மாறாது. நம்மில் பெரும்பாலோர் வீடு நாலைந்து அடி கருங்கல் கடைக்காலில் நிற்கிறது. அதனால் ஈரத்தை ஒரே சீராக வைப்பதுதான் நமக்கு இருக்கும் வழி.

செம்மண்ணில் கதை வேறு. அங்கே மண் உப்பாது, அரித்துக்கொண்டு போகும். ஓரத்தில் மண் கரைந்து கடைக்காலின் கருங்கல் வெளியே தெரிந்தால் அதுதான் அடையாளம். சுவரின் அடியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து விழுந்தால் அது ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். ஓதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மாடிக் குழாயைத்தான்.

முதல் வேலை: மழையில் குடையோடு வீட்டைச் சுற்றுங்கள்

அடுத்த நல்ல மழையில், பெய்ய ஆரம்பித்துக் கால்மணி நேரம் ஆனதும், வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எங்கே குழாய் கொட்டுகிறது, சன்ஷேடிலிருந்து தண்ணீர் சுவரில் வழிகிறதா, எந்தச் சந்தில் தேங்குகிறது, பக்கத்து வீட்டுத் தண்ணீர் நம் பக்கம் வருகிறதா என்று பார்த்துப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மழை விட்ட மறுநாள் இன்னொரு சுற்று. அப்போதும் எங்கே ஈரம் நிற்கிறதோ அதுதான் உங்கள் நோய் இருக்கும் இடம். மழைக்குக் காத்திருக்க முடியாதவர்கள் மாடியில் ஹோஸ் பைப்பை அரைமணி நேரம் திறந்துவிட்டும் பார்க்கலாம், பாதி உண்மை தெரியும்.

விரிசல் இருந்தால் அன்றே அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சிமென்ட் பாலால் ஒட்டி வையுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். பழைய முறைதான், பொறியாளர்களும் செய்வதுதான். விரிசலில் ஐந்து ரூபாய் நாணயம் நுழைகிறது, அல்லது சுவர் ஒரு பக்கம் பிதுங்குகிறது என்றால் இந்த வழிகாட்டியை ஓரம் வைத்துவிட்டு முதலில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்கு

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இது ஒன்றை மனதில் வைத்தால் போதும். எங்கள் 960 சதுர அடி மாடி ஏறத்தாழ 89 சதுர மீட்டர். அதாவது பேப்பரில் போடுகிற ஒவ்வொரு சென்டிமீட்டர் மழைக்கும் 890 லிட்டர். '7 செ.மீ. மழை' என்று படித்தால் அரை டேங்கர் லாரித் தண்ணீர் எங்கள் மாடியில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. அந்த மழை இந்த மாடியில் பெய்திருந்தால் கிட்டத்தட்ட 85,000 லிட்டர், ஏழு டேங்கர். அத்தனையும் ஒரு மூலையில் கொட்டினால் எந்த மண் தாங்கும்?

குழாய் எத்தனை வேண்டும் என்பதற்கு மொத்த மழை முக்கியமில்லை, வேகம்தான் முக்கியம். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் அடிக்கிற மழைக்கு, நாலு அங்குலக் குழாய் ஒன்று சுமார் 42 சதுர மீட்டர் மாடியைத்தான் சமாளிக்கும். மூன்று அங்குலக் குழாய் அதில் பாதியைக்கூடச் சமாளிக்காது, சுமார் 20 சதுர மீட்டர்தான். எங்களுக்கு நாலு அங்குலத்தில் மூன்று தேவை. இருந்தது இரண்டு. அந்த வேகத்தில் எங்கள் மாடியிலிருந்து நிமிடத்துக்குப் பத்துக் குடம் இறங்க வேண்டும். இறங்க முடியாதது மாடியில் தேங்கி, கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கட்டடத்துக்குள் வழி தேடும்.

மாடியைச் சரிசெய்வது

மாடித் தளம் குழாய் வாயை நோக்கி எட்டு அடிக்கு ஒரு அங்குலமாவது சரிய வேண்டும். பழைய மாடிகளில் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதித்தபோது இந்தச் சரிவைச் சரியாகத்தான் வைத்தார்கள். பிறகு நாம் தொட்டிக்கு மேடை கட்டி, துணி துவைக்கக் கல் போட்டு, ஒழுகுகிறது என்று அங்கங்கே சிமென்ட் பூசி அதைக் கெடுத்துவிடுகிறோம். ஒரு பக்கெட் தண்ணீரைத் தூர மூலையில் ஊற்றிப் பாருங்கள். தானாக வாய்க்கு வந்து சேர வேண்டும். நடுவில் குட்டை கட்டினால் அந்த இடத்தை மட்டும் கொத்தி மறுபடி சரிவு எடுக்க வேண்டும்.

குழாய் வாய் இருக்கும் இடம் சுற்றியுள்ள தளத்தைவிட ஒரு அங்குலம் தாழ்ந்து, ஒரு தாம்பாளம் போலக் குழிந்திருக்க வேண்டும். வாயில் தட்டையான ஜாலி, அதாவது சல்லடை மூடி, போடாதீர்கள். இரண்டு வேப்பிலைக் கொத்து விழுந்தால் மூடிக்கொள்ளும். குமிழ் வடிவ ஜாலி என்றால் அடியில் சருகு சேர்ந்தாலும் மேல்பக்கம் தண்ணீர் போகும்.

பலர் செய்யாத ஒன்று: கைப்பிடிச் சுவரில், மாடித் தளத்திலிருந்து இரண்டு மூன்று அங்குல உயரத்தில் ஒரு வழிதுளை. குழாய்கள் எல்லாம் அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் அதற்குமேல் ஏறாது. நாலு அங்குலம் தண்ணீர் நின்றாலே எங்கள் மாடியில் ஒன்பது டன். இந்தத் துளையில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தால் 'குழாய் அடைத்துவிட்டது, போய்ப் பார்' என்று வீடு நமக்குச் சொல்கிறது. அதனால் எல்லோர் கண்ணிலும் படுகிற முன்பக்கமாக வையுங்கள்.

சன்ஷேடின் அடிப்பக்கம், வெளி விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, நீளவாக்கில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இல்லாவிட்டால் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வரும்.

தொட்டி வழிவை மாடியில் விடாதீர்கள். தனிக் குழாய் போட்டு எங்கே கண்ணுக்குத் தெரியுமோ அங்கே விடுங்கள். எங்கள் வீட்டில் அது இப்போது முன்வாசல் செம்பருத்திப் பக்கம் விழுகிறது. சத்தம் கேட்டதும் யாராவது ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துகிறோம்.

இறங்கு குழாய்

சுவரை ஒட்டிப் போகிற குழாய் சுவரிலிருந்து ஒரு அங்குலமாவது தள்ளி, ஆறடிக்கு ஒரு கிளாம்பில் நிற்கட்டும். இணைப்பு கசிந்தாலும் சுவர் நனையாது. அழகுக்காகக் குழாயைச் சுவருக்குள்ளோ தூணுக்குள்ளோ புதைக்கச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். உள்ளே கசிந்தால் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.

அடியில் தண்ணீர் காற்றில் விழக் கூடாது. குழாய் நேராக ஒரு சின்னத் தொட்டிக்குள், சேம்பருக்குள், இறங்க வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, உள்ளே நன்றாகப் பூசியது, மேலே கழற்றக்கூடிய மூடி. சருகும் மணலும் அங்கே தங்கும், கையால் அள்ளிவிடலாம். சேம்பரின் அடியைப் பூசாமல் 'மண்ணில் இறங்கட்டும்' என்று விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி விட்டால் பழைய குழிக்கும் இதற்கும் ஒரு மூடிதான் வித்தியாசம்.

ஓட்டு வீடும் தகரக் கூரையும் வைத்திருப்பவர்களுக்கு இறவாரம் முழுக்கத் தண்ணீர் விழும். அங்கே ஓரத்தில் பாதிக் குழாய் வடிவில் ஒரு தாங்கி ஓடவிட்டு, முனையில் இறங்கு குழாய் சேர்த்துவிட்டால் மற்றதெல்லாம் இதே கதைதான்.

தண்ணீர் எங்கே போகப் போகிறது?

தோண்டுவதற்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள். வீட்டில் திறந்த கிணறு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கிணற்றுக்குத்தான். அதற்கு முன்னால் கூழாங்கல், கரி, மணல் அடுக்கிய ஒரு வடிகட்டித் தொட்டி வையுங்கள். பருவத்தின் முதல் மழையைக் கிணற்றுக்கு விடாமல் வெளியே திருப்பிவிட ஒரு மூடி வால்வும் வேண்டும். கோடை முழுக்கப் புறா இட்ட எச்சமும் தூசியும் அந்த முதல் தண்ணீரில்தான் வரும். கிணறு இல்லாதவர்களுக்குத் தரைத்தொட்டி, அதுவும் நிரம்பினால் மழைநீர்க் குழி, அதற்கும் மேல் தெரு வடிகால்.

செப்டிக் டேங்கிலோ பாதாளச் சாக்கடையிலோ சேர்க்கவே கூடாது. செப்டிக் டேங்க் அரைமணி நேரத்தில் நிரம்பிக் கழிப்பறை வழியே திரும்ப வரும். சாக்கடையில் விட்டால் தெருமுனை மேன்ஹோலில் பொங்கும், உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் தாழ்வான யாரோ ஒருவர் வீட்டில். பக்கத்து மனைக்குள் தள்ளிவிடுவதும் வேண்டாம். அது தண்ணீர்ப் பிரச்சினையாக நிற்காது.

இனி மழைநீர்க் குழி. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பை 2003-இல் கட்டாயமாக்கினார்கள். நல்ல சட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நடைமுறையில் என்ன ஆனது? வீடு கட்டி முடிக்கிற அவசரத்தில், குழாய் எங்கே இறங்குகிறதோ அங்கேயே, சுவரிலிருந்து ஒன்றரை அடியில் ஒரு குழி தோண்டி ஜல்லியைக் கொட்டிக் கணக்குக் காட்டிவிடுகிறார்கள். சென்னையின் கடலோர மணலில் அது பெரிதாகக் கெடுக்காது. கரிசலில் அது கடைக்காலுக்குப் பக்கத்தில் கட்டிய குளியல் தொட்டி.

கணக்கைப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழக் குழி. ஜல்லி நிரப்பினால் இடைவெளியில் நிற்கிற தண்ணீர் சுமார் 600 லிட்டர். 7 செ.மீ. மழைக்கு எங்கள் மாடி தருவது 6,200 லிட்டர். களிமண்ணில் உள்ளே இழுப்பதும் மெதுவாகத்தான். மீதி எங்கே போகும்? மேலே வழிந்து சுவரடிக்கு. அதனால் குழி வீட்டுச் சுவரிலிருந்து பத்து அடியாவது தள்ளி இருக்கட்டும், முடிந்தால் முன்பக்கக் காம்பவுண்டு ஓரத்தில். கரிசலைத் தாண்டிச் சுக்கான் பாறையோ சரளை மண்ணோ தட்டுகிறவரை நடுவில் ஒரு துளை போட்டுக் குழாய் இறக்குங்கள். அப்போதுதான் தண்ணீர் உண்மையிலேயே நிலத்துக்குள் போகும். குழியின் மேல்மட்டத்தில் ஒரு வழிவுக் குழாய் வைத்துத் தெருப் பக்கம் விடுங்கள். வழிவு இல்லாத குழியை நான் குழியாகவே மதிக்க மாட்டேன்.

மட்டம் பார்ப்பது

கொல்லை மூலையிலிருந்து முன்வாசல்வரை எங்களுக்கு 45 அடி. எட்டு அடிக்கு ஒரு அங்குலம் சரிவு என்றால் ஆறு அங்குல இறக்கம் வேண்டும். கண்ணால் பார்த்து இது தெரியாது. தரை முன்பக்கம் சரிவதாக இருபத்தைந்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தோம். உண்மையில் பின்பக்கம்தான் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது.

டியூப் மட்டம் போதும். கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற மெல்லிய ஹோஸ் ஐம்பது அடி வாங்கி, ஒரு முனையைப் பக்கெட் தண்ணீரில் வைத்து மறுமுனையில் உறிஞ்சி நிரப்புங்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட நிற்கக் கூடாது, நின்றால் மட்டம் பொய் சொல்லும். விரலால் தட்டித் தட்டிக் குமிழியை மேலே ஏற்றி வெளியேற்றுங்கள். பிறகு இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒருவர் கொல்லையில், ஒருவர் வாசலில். தண்ணீர் ஆடி அடங்கியதும் இரண்டு பக்கமும் சுவரில் கரியால் கோடு. இந்த இரண்டு கோடும் ஒரே மட்டம். அங்கிருந்து தரைக்கு எவ்வளவு என்று டேப் வைத்து அளந்தால் எந்தப் பக்கம் பள்ளம் என்று தெரிந்துவிடும். என் மகளும் நானும் இருபது நிமிடத்தில் முடித்தோம், அதில் பத்து நிமிடம் குமிழிக்குப் போனது.

தெரு வடிகாலின் மட்டத்தையும் இதே கோட்டிலிருந்து அளந்துகொள்ளுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுக்கடுக்காக ரோடு போட்டு, எத்தனையோ தெருக்களில் வாசலைவிட ரோடு உயர்ந்துவிட்டது. அப்படியானால் தண்ணீர் தானாக வெளியே போகாது. சேகரிப்புத் தொட்டி ஒன்று கட்டி, மிதவை சுவிட்ச் வைத்த சின்ன மோட்டாரால் வெளியேற்றுவதுதான் வழி. மழை நேரத்தில் கரண்ட் போகும் என்பதை மறக்காமல் தொட்டியைக் கொஞ்சம் பெரிதாகவே கட்டுங்கள்.

குழாய் புதைப்பது

சேம்பரிலிருந்து புறப்படும் குழாய் நாலு அங்குல எஸ்.டபிள்யூ.ஆர். பிவிசி, அதாவது கழிவுநீருக்கும் மழைநீருக்கும் போடுகிற வகை. பள்ளத்தைச் சுவரை ஒட்டித் தோண்டாதீர்கள், இரண்டு மூன்று அடி தள்ளித் தோண்டுங்கள். சந்தே மூன்றடிதான் என்றால் காம்பவுண்டுப் பக்கம் ஒதுங்குங்கள். இரண்டு முனையிலும் ஆப்பு அடித்து நூல் கட்டி, சரிவு நூலிலேயே இருக்கும்படி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஐந்தடிக்கும் நூலிலிருந்து குழாயின் ஆழத்தை அளந்து பாருங்கள். நடுவில் ஒரு இடம் தொங்கினால் அங்கே மணல் தங்கும், இரண்டு வருடத்தில் அடைக்கும். திருப்பத்தில் 90 பாகை எல்போ ஒன்றுக்குப் பதில் 45 பாகை இரண்டு போடுங்கள். நீளம் அதிகமானாலும் திருப்பம் வந்தாலும் ஒரு சேம்பர்.

கரிசல் அசையும் என்பதால் பசை போட்டு ஒட்டும் இணைப்பைவிட ரப்பர் வளையம் வைத்த இணைப்பு நல்லது. மண்ணோடு கொஞ்சம் அசைந்து கொடுக்கும். புதைந்த குழாயில் ஒரு இணைப்பு விட்டுவிட்டால், வெளியே எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தெரியும், உள்ளே கடைக்கால் பக்கம் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். அதனால் மண்ணை மூடுவதற்கு முன் சோதனை கட்டாயம். கடைசி முனையை மூடி போட்டு அடைத்து, முதல் சேம்பரில் குழாய் வாய்க்கு மேல்வரை தண்ணீர் நிரப்பிக் கோடு போட்டுவிட்டு ஒரு மணி நேரம் டீ குடித்துவிட்டு வாருங்கள். எங்களுக்கு முதல் சோதனையில் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. வேலை செய்த பிளம்பர், சேம்பர் உறிஞ்சியிருக்கும் என்றார். மேஸ்திரி ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் கையை விட்டுத் தடவிக்கொண்டே போனார். மூன்றாவது இணைப்பில் கை நனைந்தது, ரப்பர் வளையம் மடங்கியிருந்தது.

குழாயைச் சுற்றி நாலு அங்குலம் கல் இல்லாத மண்ணைப் போட்டு, பிறகு மேலே மூடுங்கள். ஸ்கூட்டரோ காரோ ஏறுகிற இடமாக இருந்தால் குழாய்க்கு மேல் கான்கிரீட் போட்டுவிடுங்கள்.

வீட்டைச் சுற்றித் தரை

கடைசிப் பாதுகாப்பு இது. சுவரடித் தரை வெளியே சரிய வேண்டும், மூன்றடிக்கு ஒன்றரை அங்குலமாவது. தோட்டத்துக்கு மண் கொட்டிக் கொட்டிப் பேஸ்மட்டத்துக்குச் சமமாகத் தரையை உயர்த்தி வைத்திருக்கும் வீடுகள் நிறைய. பேஸ்மட்டத்துக்குக் கீழே ஆறு அங்குலமாவது சுவர் வெளியே தெரியட்டும், இல்லாவிட்டால் ஓதம் தாண்டி ஏறும்.

சுவரோரப் பள்ளத்தை மணலாலோ ஜல்லியாலோ நிரப்புவது நம் ஊரில் பரவலான தவறு. 'மணல் தண்ணீரை இழுத்துவிடும்' என்பார்கள். இழுக்கும்தான், நேரே கடைக்காலுக்கு. ஈரக் குழியைத் தோண்டி எடுத்துவிட்டு, இறுகிப் பிடிக்கும் கிராவல் செம்மண்ணை ஆறு ஆறு அங்குலமாகப் போட்டுத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்குங்கள். அதன் மேல் தடித்த பாலிதீன் ஷீட், அதன் மேல் மூன்று அங்குலம் கான்கிரீட் தளம். மூன்றடி அகலம் போதும் என்பார்கள். கரிசலில் இடம் இருந்தால் நாலைந்து அடி போடுங்கள். சுவரடி மண் எவ்வளவு தூரத்துக்கு மூடியிருக்கிறதோ அவ்வளவு தூரம் ஈரம் சீராக நிற்கும். நாலு அல்லது ஐந்து அடிக்கு ஒரு வெட்டு விடுங்கள். இல்லாவிட்டால் தளம் தனக்குப் பிடித்த இடத்தில் வெடிக்கும். தளமும் சுவரும் சேரும் கோட்டில் சிமென்ட் நிற்காது, ஒரு வருடத்தில் பிரிந்துவிடும். அங்கே தார் அல்லது நெகிழும் சீலன்ட் நிரப்புங்கள்.

வாழையும் செம்பருத்தியும் சுவரடியில் வேண்டாம். நீங்கள் ஊற்றுகிற தண்ணீரும் கணக்கில் சேரும். ஏ.சி. சொட்டும் தண்ணீர், பாத்திரம் கழுவும் மேடையின் வெளிக்குழாய், இவையெல்லாம் மழையைவிட மோசம், ஏனென்றால் வருடம் முழுக்க விழும். பெரிய மரம் இதற்கு நேர்மாறு, கோடையில் வேர் ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கத்து மண்ணைச் சுருக்கிவிடும்.

எப்போது செய்வது, எப்போது பூசுவது

குழாய், தோண்டல், தளம் எல்லாம் சித்திரை, வைகாசியில் முடித்துவிடுங்கள். கரிசல் நனைந்துவிட்டால் மண்வெட்டி ஒட்டிக்கொள்ளும், ஆள் கூலி இரட்டிக்கும். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சும்மாவா சொன்னார்கள்? புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கி, ஜாலியைக் கழற்றி, சேம்பர் மண்ணை அள்ளிவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு வீடு கழுவுகிற அன்று மாடியும் சேர்ந்துவிடும், அதனால் மறப்பதில்லை.

விரிசலை உடனே பூசாதீர்கள். தண்ணீரைத் திருப்பிவிட்ட பிறகும் மண் தன் பழைய நிலைக்கு வர மாதங்கள் எடுக்கும். அந்த நேரத்தில் விரிசல் கொஞ்சம் கூடலாம், குறையலாம். முழுசாக ஒரு மழையும் ஒரு கோடையும் கழியட்டும் என்று மேஸ்திரி சொன்னார். 2024 வைகாசியில் வேலை முடிந்ததும் விரிசலின் குறுக்கே கண்ணாடி ஒட்டினோம். கார்த்திகை மழையில் தினமும் காலையில் எழுந்ததும் அம்மா முதலில் போய்ப் பார்ப்பது அந்தக் கண்ணாடியைத்தான். அது உடையாமலேயே மழையும் அடுத்த கோடையும் கடந்தன. 2025 ஆடியில் விரிசலை வி வடிவில் கொத்தி, குறுக்கே கம்பி வலை வைத்துப் பூசினோம். பின்கதவு இப்போது உரசுவதில்லை. பெயின்ட் மட்டும் இன்னும் அடிக்கவில்லை, இன்னொரு கார்த்திகை போகட்டும் என்கிறாள் அம்மா.